முட்டையிலிருந்து மூன்று அங்குலம் வரை: வீட்டில் ஆக்சோலாட்டல் குஞ்சு வளர்ப்பு

ஆக்சோலாட்டல் என்பது, பார்க்கப் பல்லி மாதிரி இருந்தாலும், வாழ்நாள் முழுக்கச் செவுளோடு தண்ணீரிலேயே வாழும் ஒரு சாலமாண்டர், தவளைக்குத் தூரத்து உறவு. அதை முட்டையிட வைக்க யாருக்கும் பெரிய வித்தை தேவையில்லை. ஆணும் பெண்ணும் ஒரே தொட்டியில் இருந்து, தண்ணீரும் குளிர்ச்சியாக இருந்தால், ஒரு நாள் காலையில் செடி முழுக்க முட்டை ஒட்டிக்கொண்டிருக்கும். வேலை தொடங்குவது அதற்கு இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான். அதனால் இந்தக் குறிப்பில் முட்டைக்கு முந்தைய கதையைக் கொஞ்சமாகவும், பிந்தையதை நிறையவும் சொல்லப்போகிறேன்.

என்னிடம் இருக்கும் பெண்ணின் பெயர் வெள்ளி, ஆணின் பெயர் கரியன். முதல் தடவை வெள்ளி 430 முட்டைக்கு மேல் இட்டாள். எண்ணி முடிக்கவே ஒரு மாலைப்பொழுது போனது. ஒன்றைக்கூடக் கழிக்க மனம் வராமல் அத்தனையையும் வைத்துக்கொண்டேன். பொரித்து நான்கு வாரம் முடிவதற்குள் பாதிக்கு மேல் செத்துப்போயின. சில பசியில், பல கெட்டுப்போன தண்ணீரில், மற்றவை ஒன்றையொன்று கடித்து. அந்த நான்கு வாரத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அடுத்த தடவை 60 முட்டையை மட்டும் வைத்தேன். 51 குஞ்சுகள் விரல் நீளம் வளர்ந்து வேறு வீடுகளுக்குப் போயின. இரண்டு தடவையும் அதே தொட்டி, அதே தீனி. பெரிய வித்தியாசம் எண்ணிக்கைதான்.

ஆகவே, ஜோடி சேர்ப்பதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி வையுங்கள்: எத்தனை குஞ்சுகளை என்னால் மூன்று மாதம் தினமும் இரண்டு வேளை பார்த்துக்கொள்ள முடியும்? 60 குஞ்சுக்கு எனக்கு நாள் ஒன்றுக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. முதல் முறை செய்பவர் 20, 30-ஐத் தாண்ட வேண்டாம் என்பது என் கருத்து.

எந்த ஜோடி

பெண்ணுக்குக் குறைந்தது ஒன்றரை வயது ஆகியிருக்க வேண்டும். உடல் நீளம் 18 சென்டிமீட்டருக்கு மேல், வயிறு நிறைந்து, செவுள்கள் செழிப்பாக இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கில் முட்டை உருவாக்குவது அவள் உடம்பிலிருந்து நிறைய எடுத்துக்கொள்ளும். ஆண் பன்னிரண்டு மாத வாக்கிலேயே தயாராகிவிடும், அதனால்தான் ‘சின்னதுதானே’ என்று ஒன்றாக விட்ட இரண்டு, எதிர்பாராத நேரத்தில் முட்டையிட்டுவிடுகிறது. பின்னங்கால்களுக்குப் பின்னால், வால் தொடங்குமிடத்தில் பாருங்கள். அங்கே இருபுறமும் புடைத்திருந்தால் ஆண். பெண்ணுக்கு அந்த இடம் தட்டையாக, உடம்பு அகலமாக இருக்கும். ஒரு வயதுக்கு முன் நிச்சயமாகச் சொல்வது கடினம்.

கூடப்பிறந்தவற்றை ஜோடி சேர்க்கவே கூடாது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1864-இல் மெக்சிகோவிலிருந்து 34 ஆக்சோலாட்டல்கள் பாரிசுக்கு வந்தன. அவற்றில் ஆறு, ஆகுஸ்ட் டுமேரில் என்ற விலங்கியலாளரிடம் போய்ச் சேர்ந்தன. ஐந்து ஆண், ஒரே ஒரு பெண். இன்று உலகெங்கும் ஆய்வகங்களிலும் வீடுகளிலும் இருப்பவற்றில் பெரும்பகுதி அந்தச் சிறு கூட்டத்தின் வழிவந்தவை. பின்னால் வேறு இரத்தமும் கொஞ்சம் கலந்தது. கருநிறமி இல்லாத அல்பினோ நிறம் 1960-களில் டைகர் சாலமாண்டர் என்ற நெருங்கிய உறவினத்தோடு கலந்ததன் வழியாக வந்தது. இருந்தாலும் அடித்தளம் குறுகியதுதான். அதை நாமும் மேலும் குறுக்கினால் கட்டையான உடம்பும் கோணிய முதுகும் கொண்ட குஞ்சுகள் வரும், பல முட்டைக்குள்ளேயே நின்றுவிடும். பெற்றோர் யார் என்று தெரியாத விலங்கை நான் இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்துவதில்லை.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளி, கருங்கண்ணும் வெளிர் உடலும் கொண்ட லூசிஸ்டிக். கரியன் காட்டு நிறம். குஞ்சுகளில் ஏறத்தாழ பாதி வெளிர், பாதி கருமையாக வந்தபோதுதான் கரியன் அந்த வெளிர் மரபணுவை மறைத்து வைத்திருக்கிறான் என்று தெரிந்தது. வெளிர் நிறம் வர அம்மா அப்பா இருவரிடமிருந்தும் அது வந்தாக வேண்டும்.

குளிர்ச்சியும் கல்லும்

வழக்கமாக 16 முதல் 18 டிகிரி செல்சியஸில் வைத்திருங்கள். 24-ஐத் தாண்டினால் அவை படும் அவதி கண்ணுக்கே தெரியும்: சாப்பாட்டைத் தொடாது, செவுள் நுனி முன்பக்கம் வளையும். ஆணையும் பெண்ணையும் சில வாரம் தனித்தனியே நன்றாகத் தீனி போட்டு வைத்துவிட்டு, தண்ணீரை மெல்ல மெல்ல நான்கைந்து டிகிரி இறக்கி, அப்புறம் ஒன்றாக விடுங்கள். என்னிடம் 13, 14 டிகிரியில்தான் நடந்தது. ஒரே நாளில் இறக்காதீர்கள், ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தொட்டியின் அடியில் சொரசொரப்பான தட்டைக்கற்களைப் பரப்புங்கள். ஒவ்வொரு கல்லும் அதன் தலையைவிடப் பெரியதாக இருக்கட்டும், இல்லையென்றால் விழுங்கிவிடும். கல் எதற்கு என்றால், ஆண் விந்தை நேராகப் பெண்ணிடம் செலுத்துவதில்லை. வாலை ஆட்டிக்கொண்டே முன்னால் நடந்து, ஒளி ஊடுருவும் கூழ்க் கூம்புகளைத் தரையில் ஒட்டிவைக்கும். கூம்பின் உச்சியில் வெள்ளையாக ஒரு தொப்பி. பெண் பின்னாலேயே நடந்து வந்து, அந்தத் தொப்பியைத் தன் கழிவுத்துளையால் எடுத்துக்கொள்ளும். கருத்தரிப்பு உடம்புக்குள்ளேதான் நடக்கிறது. வழுவழுப்பான கண்ணாடியில் கூம்பு சரியாக நிற்காது. நான் முதல் தடவை பார்த்தபோது ஒன்பது கூம்புகள் இருந்தன, இரவு பதினொரு மணிக்கு டார்ச்சைக் கையால் மறைத்துக்கொண்டு எண்ணினேன்.

மெல்லிய இலைகள் கொண்ட செடி நிறைய வேண்டும். பிளாஸ்டிக் செடியானால் முட்டையை உருட்டி எடுக்கச் சுலபம். கூம்பைக் கண்ட சில மணி நேரத்திலிருந்து இரண்டு மூன்று நாளுக்குள் முட்டையிடத் தொடங்கும். ஒவ்வொன்றாகத்தான் ஒட்டும், முடிய ஒன்றிரண்டு நாள் ஆகும். நூறும் வரலாம், ஆயிரமும் வரலாம். முடிந்ததும் ஆணைத் தனித் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். அவன் விடாமல் பின்தொடர்ந்துகொண்டே இருப்பான், அவளோ களைத்திருப்பாள். அடுத்த ஆறு மாதம் இரண்டையும் சேர்க்க வேண்டாம்.

முட்டைகள்

பெற்றோர் இருவரும் முட்டையைத் தின்பார்கள். செடியோடு எடுத்து, அதே வெப்பநிலையில் இருக்கும் குளோரின் நீக்கிய தண்ணீருக்கு மாற்றுங்கள். குழாய் நீரை ஓர் இரவு திறந்து வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். தண்ணீரில் குளோரமின் சேர்க்கப்படும் இடங்களில் அது போகாது, அதனால் நீர்ப்பக்குவ மருந்தை எப்போதும் பயன்படுத்துகிறேன்.

இப்போது தாளில் எழுதிய எண்ணுக்கு வாருங்கள். வளர்க்க நினைத்ததைவிடக் கால்பங்கு கூடுதலாக வைத்துக்கொண்டு, மீதியை முதல் இரண்டு நாளுக்குள் உறைய வைத்துவிடுங்கள். அந்த நேரத்தில் முட்டை வெறும் செல் கூட்டம்தான், நரம்பு மண்டலம் உருவாகத் தொடங்கியிருக்காது. கருவுக்குத் தலையும் வாலும் தெரிந்த பிறகு இதைச் செய்ய எனக்கு மனம் ஒப்பாது. ‘யாராவது வாங்கிக்கொள்வார்கள்’ என்று தள்ளிப்போட்டால் நான்காவது வாரத்தில் நான் பார்த்ததைத்தான் நீங்களும் பார்ப்பீர்கள். முட்டையில் எடுக்கும் முடிவுதான் எல்லாவற்றிலும் இரக்கமானது.

முட்டையின் கரு இரண்டு மில்லிமீட்டர் அளவு, அதைச் சுற்றிக் கூழ். பத்து லிட்டர் தொட்டியில் நூறு முட்டை வரை வைக்கலாம். ஏர்ஸ்டோனிலிருந்து, அதாவது காற்றுக்குழாய் நுனியில் மாட்டும் துளைக்கல்லிலிருந்து, மெல்லிய குமிழி மட்டும் வரட்டும். வெள்ளையாகக் கலங்கி, பஞ்சு போலப் பூஞ்சை பிடித்தது செத்த முட்டை. தினமும் அதை எடுத்துவிடுங்கள், பூஞ்சை பக்கத்து முட்டைக்கும் போகும். ஒரு எச்சரிக்கை: அல்பினோ தாயின் முட்டை தொடக்கத்திலிருந்தே வெள்ளையாகத்தான் இருக்கும். நிறத்தை மட்டும் வைத்துத் தூக்கிப் போடாதீர்கள், இரண்டு மூன்று நாள் பொறுத்து வடிவம் மாறுகிறதா என்று பாருங்கள்.

ஒரு பூதக்கண்ணாடி வாங்கி வையுங்கள். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, நான்காம் நாள் வாக்கில் உருண்டை நீண்டு அவரை விதை மாதிரி ஆகும். அப்புறம் வால் மொட்டு, செவுள் மொட்டு, கண்ணின் நிழல். பொரிப்பதற்கு முன்பே இதயம் துடிப்பதைப் பார்க்கலாம். நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், இன்னும் அந்தத் துடிப்பைக் கண்டதும் வீட்டில் இருப்பவர்களைக் கூப்பிட்டுக் காட்டுகிறேன்.

18 முதல் 20 டிகிரியில் இரண்டிலிருந்து மூன்று வாரத்துக்குள் பொரிக்கும். சூடாக்கினால் சீக்கிரம் வரும், ஆனால் அவசரப்படுத்தி ஆகப்போவது ஒன்றுமில்லை. தீனி தயாராக இல்லையென்றால் மெதுவாக வருவதே நல்லது.

தீனி: இதில்தான் எல்லாம் இருக்கிறது

பொரித்த குஞ்சு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். கால் இல்லை, கண்ணாடி மாதிரி உடம்பு, கழுத்தோரம் செவுள் இறகுகள். முதல் இரண்டு மூன்று நாள் மஞ்சள் கருவை வைத்தே ஓட்டிவிடும், ஒன்றும் போடாதீர்கள். அதன் பிறகு உயிரோடு அசையும் தீனி மட்டுமே. அசையாததை அதற்கு உணவென்றே தெரியாது. தூள் தீனி, முட்டை மஞ்சள் கரு எதைப் போட்டாலும் தண்ணீர்தான் கெடும்.

நான் நம்புவது ஆர்ட்டீமியா, அதாவது புதிதாகப் பொரித்த உப்புநீர் இறால் குஞ்சு. ஆக்சோலாட்டல் முட்டை பொரிப்பதற்கு ஒரு வாரம் முன்பே இதைச் செய்து பழகிவிடுங்கள். முதல் தடவை எல்லோருக்கும் சொதப்பும், அன்று பசித்த வாய்கள் காத்திருக்கக் கூடாது.

ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர், 25 கிராம் உப்பு, அரைத் தேக்கரண்டி ஆர்ட்டீமியா முட்டை. அடிவரை காற்றுக்குழாயை விட்டு, முட்டைகள் எங்கும் தங்காமல் புரளுமளவுக்குக் குமிழி விடுங்கள். 26 முதல் 28 டிகிரி வெப்பம், மேலே ஒரு விளக்கு. ஆக்சோலாட்டலுக்குக் குளிர் வேண்டும், இதற்கு வெதுவெதுப்பு வேண்டும், ஆகவே இரண்டையும் வேறு வேறு அறையில் வைப்பது நல்லது. 24-இலிருந்து 36 மணி நேரத்தில் தண்ணீர் செம்மஞ்சளாக மாறும்.

எடுக்கும்போது காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விடுங்கள். பழுப்பு ஓடுகள் மேலே மிதக்கும். பாட்டிலின் கீழ்ப்பக்கம் விளக்கைக் காட்டினால் இறால் குஞ்சுகள் அங்கே திரளும். மெல்லிய குழாயால் அந்தத் திரளை மட்டும் உறிஞ்சி, நெருக்கமான வலைத்துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசி, இங்க் ஃபில்லரால் குஞ்சுகளுக்குப் பக்கத்தில் விடுங்கள். உப்பும் ஓடும் தொட்டிக்குள் போகக் கூடாது. ஓட்டை விழுங்கினால் குடல் அடைக்கும்.

இரண்டு பாட்டில் வையுங்கள். ஒன்று திங்கள், ஒன்று செவ்வாய் என்று மாறி மாறித் தொடங்கினால் தினமும் புதிது கிடைக்கும். பொரித்து ஒரு நாள் கடந்த இறாலில் சத்து இறங்கிவிடும்.

காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை. போட்டு அரைமணி கழித்து ஒவ்வொரு குஞ்சின் வயிற்றையும் பாருங்கள். உடம்பு ஒளி ஊடுருவுவதால், சாப்பிட்ட குஞ்சின் வயிறு செம்மஞ்சள் பொட்டாகத் தெரியும். பொட்டு இல்லாததைத் தனிக் கிண்ணத்துக்கு மாற்றி, மூக்கருகில் கொஞ்சம் விடுங்கள். எனக்கு இந்த ஒரு பழக்கம்தான் அதிகக் குஞ்சுகளைக் காப்பாற்றிக் கொடுத்தது.

டாஃப்னியா என்ற மிகச்சிறிய நீர்த்தெள்ளு கிடைத்தால் மிக நல்லது. அது நன்னீரிலேயே வாழ்வதால் சாப்பிடாமல் விட்டாலும் செத்து அழுகாது, குஞ்சு பசித்தபோது பிடித்துக்கொள்ளும். ஆனால் சிறிய குஞ்சுக்குச் சிறிய டாஃப்னியாவை வடித்துக் கொடுக்க வேண்டும். மைக்ரோவார்ம் என்ற நுண்புழு அவசரத்துக்கு உதவும். அதையே முழு உணவாக்கியபோது என் குஞ்சுகள் மெதுவாக வளர்ந்தன.

தண்ணீர்

ஆர்ட்டீமியா நன்னீரில் சில மணி நேரத்தில் செத்துவிடும், மிச்சம் அடியில் அழுகும், அம்மோனியா ஏறும். குஞ்சுத் தொட்டியில் மோட்டார் ஃபில்டர் வைக்க முடியாது, உறிஞ்சி இழுத்துவிடும். ஆகவே தினமும் தண்ணீர் மாற்றுவது தவிர வேறு வழியில்லை. முதல் தடவை நான் இரண்டு நாளைக்கு ஒரு முறை பாதித் தண்ணீர் மாற்றினேன். போதவில்லை. இப்போது ஒரே மாதிரி இரண்டு டப்பா: முந்தைய இரவே ஒன்றில் பக்குவப்படுத்திய தண்ணீரை நிரப்பி அதே அறையில் வைத்துவிடுவேன். காலையில் தீனி போட்டு ஒரு மணி நேரம் கழித்து, குஞ்சுகளைச் சின்னக் கோப்பையால் தண்ணீரோடு அள்ளிப் புது டப்பாவுக்கு மாற்றுவேன். வலை பயன்படுத்துவதில்லை, செவுள் இறகு சிக்கும். பழைய டப்பாவைச் சோப்பு இல்லாமல் தேய்த்துக் கழுவிக் காய வைப்பேன்.

டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். குஞ்சுக்கு 18 முதல் 20 டிகிரி நல்லது. வெயில் காலத்தில் நீர்மட்டத்தின் மேல் சிறிய மின்விசிறி ஓடவிட்டால் ஒன்றிரண்டு டிகிரி இறங்கும். மூடிய பாட்டிலில் உறைந்த தண்ணீரை மிதக்க விடுவதும் உண்டு, ஆனால் அது கரைந்ததும் மீண்டும் ஏறிவிடும். இந்த ஏற்ற இறக்கம் குஞ்சுகளுக்கு ஆகாது.

கால் முளைக்கும் காலம்

தவளைக் குஞ்சுக்குப் பின்னங்கால் முதலில் தெரியும். இதற்கு முன்னங்கால்கள்தான் முதலில், இரண்டு சென்டிமீட்டர் வாக்கில். பின்னங்கால்கள் நான்கு சென்டிமீட்டர் நெருங்கும்போது. இரண்டுக்கும் இடைப்பட்ட வாரங்கள்தான் மோசமானவை. பக்கத்தில் எது அசைந்தாலும் கவ்வும், அது தம்பியின் காலாக இருந்தாலும். பெரியது சிறியதை முழுதாகவே விழுங்கப் பார்க்கும்.

இரண்டு சென்டிமீட்டர் ஆனதுமே அளவு வாரியாகப் பிரியுங்கள். முடிந்தால் ஒவ்வொன்றையும் அரை லிட்டர் கோப்பையில் தனியாக வையுங்கள். ‘60 மட்டும்’ என்று நான் நிறுத்தியதன் காரணம் இங்கே வந்து விளங்கும்: 60 குஞ்சு என்றால் 60 கோப்பை, தினமும் 60 தடவை தண்ணீர். கோப்பை வைக்க இடமில்லாதவர்கள் அகலமான, ஆழம் குறைந்த டப்பாவில் குறைவாக விட்டு, நிறையச் செடி போட்டு, தீனியைப் பசிக்கும் முன்பே கொடுக்க வேண்டும்.

கால் போன குஞ்சைக் கண்டு பதற வேண்டாம். தனியாக, குளிர்ந்த சுத்தமான தண்ணீரில் வைத்து நன்றாகச் சாப்பிட வைத்தால் சில வாரத்தில் முழுக் காலும் திரும்ப வளரும். மருந்து எதுவும் போட்டதில்லை. காயத்தின் மேல் பஞ்சு மாதிரி வந்தால் மட்டும் தண்ணீரை நாளுக்கு இரண்டு முறை மாற்றினேன்.

குஞ்சு நான்கைந்து சென்டிமீட்டர் ஆனதும் நறுக்கிய கருப்புப்புழு, மெல்லிய மண்புழுத் துண்டு கொடுக்கலாம். இறந்த உணவைப் பழக்கும் நேரமும் இதுதான். உறைந்த இரத்தப்புழுவை மழுங்கிய இடுக்கியில் பிடித்து மூக்குக்கு முன்னால் லேசாக ஆட்டினால் நான்காவது, ஐந்தாவது நாளில் கவ்விவிடும். குஞ்சு ஏழு சென்டிமீட்டர் ஆனதும், தண்ணீரில் மூழ்கும் பெல்லட், அதாவது உருண்டைத் தீனி. அடியில் கூழாங்கல்லோ மணலோ போடாதீர்கள், வாயைத் திறந்ததும் அதுவும் உள்ளே போகும்.

கொடுப்பது

நான் ஏழெட்டு சென்டிமீட்டருக்குக் குறைந்ததைக் கொடுப்பதில்லை. பெல்லட்டோ மண்புழுவோ தானாகச் சாப்பிட வேண்டும். வாங்க வருபவரின் தொட்டித் தண்ணீர் எத்தனை டிகிரி என்று முதலில் கேட்பேன். வளர்க்க அனுமதி தேவைப்படும் இடமாக இருந்தால் அதையும் கேட்பேன், காட்டு விலங்கு வணிகத்துக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கும் உயிர் இது.

மீந்ததைக் குளத்தில் விடவே கூடாது. மெக்சிகோ நகரத்தின் சோசிமில்கோ கால்வாய்கள்தான் இதன் சொந்த வீடு. அங்கே வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட கெண்டையும் திலாப்பியாவும் இதன் முட்டையையும் குஞ்சையும் தின்று, அழிவின் விளிம்புக்குத் தள்ளியதில் பெரிய பங்கு வகித்தன. நம் தொட்டி விலங்கு இன்னொரு குளத்துக்கு அதையே செய்யலாம், நோயையும் கொண்டுபோகலாம்.

ஒவ்வொரு குஞ்சோடும் ஒரு சீட்டு தருகிறேன்: பொரித்த தேதி, தாய் வெள்ளி, தந்தை கரியன், வெளிர் நிறமா, கருமையா என்று. கீழே ஒரு வரி: ‘இதே பெயர்கள் உள்ள இன்னொரு சீட்டோடு வரும் ஆக்சோலாட்டல் இதற்கு உடன்பிறப்பு, ஜோடி சேர்க்க வேண்டாம்.’ போன வருடம் ஒருவர் இரண்டு சீட்டையும் ஒன்றாகப் படம் எடுத்து அனுப்பி, ‘தனித் தொட்டி வாங்கிவிட்டேன்’ என்று எழுதியிருந்தார்.